1904இல கட்டின வீட்டில நிலத்துக்குக் கீழ சூடு போடலாமோ?

வடமராட்சி மகள்

எங்கட வீடு லண்டன் ஈஸ்ட் ஹாமில, 1904இல கட்டினது. வாற ஏப்ரலில கீழ்த்தட்டு முழுக்கத் திருத்தப் போறம். நிலத்தை எப்பிடியும் கிளப்பத்தான் போகினம். அதோட சேர்த்துச் சுடுதண்ணிப் பைப்பையும் நிலத்துக்குக் கீழ போடலாமோ எண்டு கேக்கிறன்.

காரணம் அம்மா. 74 வயது, ரண்டு முழங்காலிலயும் மூட்டுவாதம். ஆனால் அவவின்ர சீவியம் நிலத்தோடதான். பலகையில இருந்துதான் தேங்காய் திருவுவா, கீரை ஆய்வா. முன் அறையில சாமிப் படத்துக்கு முன்னால அரை மணித்தியாலம் இருப்பா. வீட்டுக்குள்ள செருப்புப் போடமாட்டா. நானும் இப்ப வற்புறுத்திறேல்லை. போன ஜனவரி ஒரு விடியக்காலமை, குசினியில சுவரைப் பிடிச்சபடி ஒரு பாதத்தை மற்றக் காலில தேய்ச்சுக்கொண்டு நிண்டா. அண்டைக்கு நினைச்சன், இந்த வருசம் நிலத்தைத்தான் முதல் பாக்கிறது எண்டு.

முன் அறை 14 சதுர மீற்றர், பலகை நிலம், கீழ வெறும் வெளி. காத்தடிச்சால் பலகை இடுக்கால குளிர் வாறது கையில தெரியும். குசினி 16 சதுர மீற்றர், பிறகு ஆரோ கொங்கிறீற் ஊத்தி இருக்கினம். ஹோலில இருந்து குசினிக்கு ஒரு படி இறங்கவேணும். காஸ் பொயிலர், ரேடியேற்றர்.

ரண்டு பேரிட்ட விலை கேட்டம். ஒருத்தர் எல்லா இடமும் கரண்டில சூடாகிற பாய் விரிச்சால் ரண்டு நாளில முடியும் எண்டுறார். மற்றவர் ரண்டு அறையையும் தோண்டிக் கொங்கிறீற் போடவேணும் எண்டுறார். எது சரி?

வல்லைவெளி

தங்கச்சி, 17 வருசமா இந்த நாட்டில இந்த வேலைதான் செய்யிறன். உங்கட வீட்டில இருக்கிறது ரண்டு வித நிலம். ரண்டுக்கும் ஒரே வைத்தியம் சொல்லுறவரிட்ட வேலையைக் குடுக்காதேங்கோ.

முதல் முன் அறை. அந்தப் பலகைக்குக் கீழ காத்து ஓடவேணும். வெளிச்சுவரின்ர அடியில ஓட்டைக் கல்லு வைச்சுக் கட்டினதே பலகையைத் தாங்கிற மரச் சட்டம், தீராந்தி, ஈரம் பிடிச்சு உக்காமல் இருக்கத்தான். அந்த வெளியைக் கொங்கிறீற்றால நிரப்பினால் ஈரம் சுவருக்கு ஏறும், பக்கத்தில மிச்சம் இருக்கிற பலகை நிலத்துக்கும் காத்து நிண்டுபோகும். நான் எண்டால் அங்க தோண்ட மாட்டன்.

பலகையை இலக்கம் போட்டுக் கழட்டுங்கோ. தீராந்திகளுக்கு மேலால மெம்பிறேன் துணியைத் தொட்டில் மாதிரித் தொங்கவிட்டு, அதுக்குள்ள சூட்டைத் தடுத்து வைக்கிற மினரல் வூல் பஞ்சை நிரப்பவேணும். அதுக்கு மேல அலுமினியத் தட்டு, தட்டின்ர பள்ளத்தில 16 மி.மீ பைப், பிறகு பழைய பலகை. நிலம் உயராது. பைப் தீராந்தியைக் கடக்கிற இடத்தில மேல் விளிம்பை வெட்ட விடாதேங்கோ. நடு உயரத்தில துளைச்சுக் கொண்டுபோகலாம், அதுவும் தீராந்தி உயரத்தின்ர காற்பங்குக்கு மிஞ்சாமல். பழைய வீடுகளில பைப்காரர் வெட்டின வெட்டால தொய்ஞ்ச நிலத்தை நான் நிறையக் கண்டிருக்கிறன், அதாலதான் அழுத்திச் சொல்லுறன்.

மர நிலத்தின்ர மேற்பரப்பு 27 பாகைக்கு மேல போகக்கூடாது. அறை 20 பாகையில இருக்கேக்க, அந்த 14 சதுர மீற்றர் ஏறக்குறைய 1 கிலோவாற் சூடுதான் தரும். பழைய செங்கல் சுவர், முன்னுக்குத் தள்ளின யன்னல் எண்டால் கடுங்குளிருக்கு அது போதாமல் போகலாம். ஒரு ரேடியேற்றரைக் கழட்டாமல் விடுங்கோ. அம்மாவுக்கும் இப்பவே சொல்லி வையுங்கோ, நிலம் சுடாது. உள்ளங்காலின்ர சூட்டை நிலம் இழுக்காது, அவ்வளவுதான். அவவுக்கு அதுதான் தேவை.

கரண்ட் பாய் சதுர மீற்றருக்கு 150 வாற் அளவில இழுக்கும். முன் அறைக்கு மட்டும் 2.1 கிலோவாற். இங்க ஒரு யூனிற் கரண்ட் காஸைவிட ஏறக்குறைய நாலு மடங்கு விலை. சின்னக் குளியலறைக்கு நல்ல சாமான், நாள் முழுக்க இருக்கிற அறைக்கு வேண்டாம்.

குசினியைத் தோண்டலாம். கொங்கிறீற் 100 மி.மீ, இன்சுலேஷன் 100, பைப் மூடுற சீமெந்துப் படை, ஸ்கிறீட், 70. ரைலுக்கு முதலே 270 மி.மீ ஆழம். உங்கட வயது வீட்டு அத்திவாரம் அவ்வளவு ஆழம் இருக்குமோ எண்டு பாக்காமல் மண்வெட்டி போடக்கூடாது. சுவரோரம் ஒரு சின்னக் கிடங்கு வெட்டிப் பாருங்கோ. அந்த ஸ்கிறீட் காய ஏறக்குறைய மூண்டு மாதம் எடுக்கும். அலுமாரிக்குக் கீழ பைப் வேண்டாம், அதைக் கழிச்சால் 11 சதுர மீற்றர் வரும். 150 மி.மீ இடைவெளியில 75 மீற்றர் பைப், ஒரே சுற்றுப் போதும்.

நிலத்தில பாதிக்கு மேல மாத்திறீங்கள் எண்டால் இன்சுலேஷன் விதி வரும். கவுன்சிலின்ர கட்டட அதிகாரிக்குச் சொல்லிப்போட்டுத் தொடங்குங்கோ.

கோவைக்காரி

அண்ணா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கிறேன். நாங்க ரெடிங்ல இருக்கோம், 1930கள்ல கட்டின வீடு. தோண்டாம, பழைய கான்கிரீட் மேலேயே காடி வெட்டின 20 மி.மீ போர்டு போட்டு அதுல பைப் ஓட்டினோம். டைல்ஸும் பசையும் சேர்த்து 32 மி.மீ உயர்ந்துச்சு. கதவுகளை அடியில அறுத்தாச்சு. ஆனா மாடிப்படியோட முதல் படி மட்டும் மத்த படிகளை விட 32 மி.மீ குள்ளமாயிடுச்சு. வேலை செஞ்சவங்க யாரும் அதைச் சொல்லல. ஊர்ல இருந்து வந்த அப்பா ரெண்டாம் நாளே இறங்கும்போது தடுமாறி கைப்பிடியைப் பிடிச்சு நின்னார். இன்னைக்கு நினைச்சாலும் பதறுது. உங்க மாடிப்படி எந்தத் தரையில இருந்து ஏறுதுன்னு பார்த்துக்கோங்க, வீட்ல வயசானவங்க இருக்காங்க.

அப்புறம், காலையில ஒரு மணி நேரம் ராத்திரி ஒரு மணி நேரம்னு ரேடியேட்டர் மாதிரி போட்டுப் பார்த்தோம், சரிப்பட்டு வரல. இப்போ குளிர்காலம் முழுக்க ஓடுது. ராத்திரி மட்டும் ரெண்டு மூணு டிகிரி இறக்கிடுவோம்.

வடமராட்சி மகள்

அண்ணை, அக்கா, ரண்டு பேருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை தம்பியும் நானும் முன் அறையில நாலு பலகை கிளப்பினம். தீராந்தி 100 மி.மீ உயரம். யன்னல் பக்கம் ரண்டு தீராந்தியின்ர நுனியில ஸ்குறூட்றைவர் மெத்தெண்டு இறங்குது. வெளியில போய்ப் பாத்தால், முந்தி இருந்த ஆக்கள் முற்றத்துக்குக் கல்லுப் பதிச்சு ஓட்டைக் கல்லு ரண்டையும் மூடிப்போட்டினம். முதல் அதைத் திறந்து, தீராந்தி நுனி மாத்தி, காயவிட்டுத்தான் மற்ற வேலை.

குசினியில கிடங்கு வெட்டினம். நிலத்தில இருந்து 350 மி.மீயோட அத்திவாரச் செங்கல் முடியுது. மாடிப்படி ஹோலில இருந்துதான் ஏறுது, குசினியில இல்லை.

வல்லைவெளி

350 எண்டால் தோண்டாதேங்கோ. ரைல், மெம்பிறேன் எல்லாம் சேர்த்தால் அத்திவாரத்தின்ர அடிக்குக் கிட்டப் போயிடும்.

குசினிக்கு ஒரு படி இறங்கவேணும் எண்டு எழுதினீங்கள். அந்தப் படி எத்தினை மி.மீ? பின் கதவுக்கு மேல எவ்வளவு இடம் இருக்கு?

வடமராட்சி மகள்

படி 110. பின் கதவு எப்பிடியும் மாத்திறம், புதுசை உயர்த்தி வைக்கலாம்.

வல்லைவெளி

அப்ப அந்தப் படியையே நிரப்புங்கோ. பழைய கொங்கிறீற்றில ஈரம் தடுக்கிற மெம்பிறேன், 60 மி.மீ கடின இன்சுலேஷன், 18 மி.மீ பலகை, காடி வெட்டின பைப் போர்ட் 20, ரைல் பசையோட 12. கூட்டினால் 110. ஸ்கிறீட் இல்லை, மூண்டு மாதக் காத்திருப்பு இல்லை, ஹோலும் குசினியும் ஒரே மட்டம். நிலத்துப் பைப்புகள் பிரியிற மனிஃபோல்டில சுடுதண்ணியையும் திரும்பி வாற தண்ணியையும் கலக்கிற வால்வ் போட்டு 45 பாகைக்குக் குறைச்சு ஓடவிடுங்கோ, மாடி ரேடியேற்றருக்கு வழமையான சூடு போகட்டும். மூடமுதல் பைப்புக்கு 6 பார் அழுத்தம் ஏத்தி, இறங்காமல் நிக்கிறதை உங்கட கண்ணால பாருங்கோ.

வடமராட்சி மகள்

அந்தப் படியில அம்மா ஒரு நாளைக்கு முப்பது தரமாவது ஏறி இறங்குவா. அதுவும் போகுது எண்டு சொன்னன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துபோட்டு, சாமிப் படத்துக்கு முன்னாலயும் பைப் வருமோ எண்டு கேட்டா. பைப் போற பிளானில அந்த மூலையைக் கீறி வைச்சிருக்கிறன்.