அத்தை வீட்டு விறகடுப்பும் 2030 இலக்கும்: ஒரு விவாதம்

வைப்பாற்றங்கரை:
2015 செப்டம்பரில் 193 நாடுகள் ஐ.நா.வில் கூடி 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளை ஏற்றுக்கொண்டன. கெடு 2030. அந்த இலக்குகள் எங்கே நிற்கின்றன என்று ஐ.நா. 2025இல் வெளியிட்ட அறிக்கையைப் படித்தேன். அவற்றின் கீழ் வரும், அளக்க முடிந்த துணை இலக்குகளில் 35 சதவீதம்தான் சரியான பாதையில் அல்லது ஓரளவு முன்னேற்றத்தில் இருக்கின்றன. ஏறக்குறைய பாதி ஊர்ந்து போகின்றன. 18 சதவீதம் 2015இல் இருந்த இடத்தைவிடப் பின்னால் போய்விட்டன. அந்த 35 சதவீதத்தையே என்னால் நம்ப முடியவில்லை.

ஏழாவது இலக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் மின்சாரம், புகையில்லாத சமையல் எரிபொருள். சாத்தூர்ப் பக்கம் என் அத்தை வீட்டில் இலவச கேஸ் இணைப்பு இருக்கிறது. அடுப்பின்மேல் பழைய துண்டு போர்த்தியிருக்கிறது. சிலிண்டர் சுவரோரம் நிற்கிறது, அதன் தலையில் உப்புச் சாடி. விருந்தாளி வந்தால் காபி போடத் துண்டை எடுப்பார். சோறு, குழம்பு, வெந்நீர் எல்லாம் கொல்லையில் சீமைக்கருவேல விறகில்தான். இப்படிப்பட்ட வீடுகளையும் சேர்த்துக்கொண்டுதானே முன்னேற்றம் என்கிறார்கள்?

தாமரைக்குளம்:
இல்லை, சேர்ப்பதில்லை. இந்த இலக்கை உலக சுகாதார நிறுவனம் இணைப்புகளை எண்ணி அளப்பதில்லை. வீடுவீடாக நடக்கும் கணக்கெடுப்புகளில் 'முக்கியமாக எதில் சமைக்கிறீர்கள்?' என்ற கேள்விக்கு வரும் பதிலைத்தான் எடுத்துக்கொள்கிறது. உங்கள் அத்தை உண்மையைச் சொன்னால் விறகுக் கணக்கில்தான் வருவார்.

அப்படிக் கேட்டே இந்தியாவில் தேசியக் குடும்ப நல ஆய்வில் தூய எரிபொருளில் சமைக்கும் வீடுகள் 2015-16இல் 43.8 சதவீதம், 2019-21இல் 58.6 சதவீதம். இதைக் குறைவென்று சொல்ல எனக்கு மனம் வராது. எங்கள் அம்மா ஊதுகுழலை வைத்து ஊதி ஊதிக் கண் எரிந்து முந்தானையால் துடைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து வளர்ந்தவள் நான். 2006க்குப் பிறகு தமிழ்நாட்டில் இலவச கேஸ் அடுப்பு கொடுத்தபோதுதான் எங்கள் வீட்டுக்கும் வந்தது. அம்மா அதற்குப் பிறகு விறகைத் தொடவில்லை.

வைப்பாற்றங்கரை:
எண்ணும் முறை பற்றி நான் சொன்னது தவறு, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதே ஆய்வில் கிராமங்களை மட்டும் பாருங்கள்: சுமார் 43 சதவீதம். ஏழை வீடுகளுக்கு மத்திய அரசு கேஸ் இணைப்பு கொடுக்கும் உஜ்வலா திட்டத்தில் 2019 செப்டம்பருக்குள் 8 கோடி இணைப்புகள் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகும் கிராமத்தில் பாதிக்கு மேல் விறகும் வறட்டியும்தான் என்றால் கோளாறு எங்கே?

மத்திய தணிக்கைத் துறை 2019இல் அதைச் சொன்னது. உஜ்வலா வீடுகள் ஆண்டுக்குச் சராசரியாக 3.21 சிலிண்டர்தான் மாற்றியிருந்தன. எங்கள் வீட்டில் நான்கு பேர், மூன்று வேளையும் கேஸ், எட்டு ஆகிறது. முழு விலையையும் கையில் வைத்துக்கொண்டுதான் சிலிண்டர் வாங்க வேண்டும், மானியம் பிறகுதான் வங்கிக்கு வரும். நூறு நாள் வேலைக் கூலியே எப்போது வருமென்று தெரியாதவர் மொத்தமாக எண்ணூறு, தொள்ளாயிரம் ரூபாய்க்கு எங்கே போவார்? விறகு வெட்டக் கூலி கேட்பவர் யாருமில்லை, அத்தையே வெட்டுகிறார்.

தாமரைக்குளம்:
2022இல் சிலிண்டருக்கு 200 ரூபாய், 2023இல் 300 ரூபாய் என்று உஜ்வலா மானியம் உயர்ந்ததும் அந்தச் சராசரி ஏறத்தானே செய்தது? விலை குறைந்தால் பெண்கள் கேஸுக்கு வருகிறார்கள் என்றுதானே அதற்குப் பொருள்? திட்டத்தைத் திருத்தச் சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன். எல்லாம் பொய் என்று சொன்னால் நாளை மானியத்தை வெட்டுபவருக்குத்தான் அது உதவும்.

சூரியகாந்தி:
இருவருமே கேஸைத் தூய எரிபொருள் என்கிறீர்கள். அதுவும் பெட்ரோலியம்தான். உலகில் 92 சதவீத மக்களுக்கு மின்சாரம் போய்விட்டது. இண்டக்‌ஷன் அடுப்பு கொடுக்கலாமே?

தாமரைக்குளம்:
மின்சாரம் எட்டியது என்பது வேறு, மாலை ஏழு மணிக்கு இண்டக்‌ஷன் தாங்கும் அழுத்தத்தில் வருவது வேறு. வீட்டுப் புகையால் 2020இல் சுமார் 32 லட்சம் பேர் செத்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விறகுப் புகையில் இருக்கும் கரித்துகளும் பூமியைச் சூடாக்குகிறது. கரியமிலக் கணக்கின் சுமையை மிகக் குறைவாக எரிக்கும் பெண்ணின் தலையில் முதலில் ஏற்றுவது அநியாயம்.

மலையருவி:
பேச்சு நம் கொல்லையிலேயே நிற்கிறது. உலகில் இன்னும் சுமார் 210 கோடிப் பேர் புகையில்தான் சமைக்கிறார்கள். சகாராவுக்குத் தெற்கே ஐந்தில் நான்கு பேர். அங்கே மக்கள்தொகை கூடும் வேகத்துக்கு அடுப்பு போய்ச் சேரவில்லை. அதனால் புகையில் இருப்போரின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. ஆப்பிரிக்காவுக்கு மட்டும் ஆண்டுக்கு 400 கோடி டாலர் வேண்டும் என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை. 2024 மே மாதம் பாரிஸில் இதற்காகவே நடந்த மாநாட்டில் கிடைத்த வாக்குறுதி மொத்தமே 220 கோடி.

விலை விஷயத்தில் இந்தோனேசியாவைப் பாருங்கள். 2007இல் தொடங்கி ஐந்து கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அடுப்பும் 3 கிலோ சிலிண்டரும் கொடுத்தார்கள். பச்சை நிறத்தில் உருண்டையாக இருப்பதால் அதற்கு 'மெலன்', அதாவது முலாம்பழம் என்றே பெயர். கடையில் கேட்கும் விலையிலேயே மானியம் கழிந்திருக்கும். அன்றன்றைய கூலியில் வாங்கிவிடலாம்.

வைப்பாற்றங்கரை:
அங்கே மாறியது பெரும்பாலும் மண்ணெண்ணெய்க்குக் காசு கொடுத்துப் பழகியவர்கள். விறகு சும்மா கிடைக்கும் ஊருக்கு அது அப்படியே பொருந்தாது.

மலையருவி:
உண்மை. வசதியானவர்களும் அந்தச் சிலிண்டரையே வாங்குகிறார்கள், அரசுக்குச் செலவு தாங்கவில்லை. 2025 பிப்ரவரியில் சில்லறைக் கடைகளில் விற்கக் கூடாது என்றார்கள். மக்கள் வரிசையில் நின்று தவித்தார்கள், சில நாட்களில் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். இருந்தாலும் முழுப் பணத்தை முன்னால் கேட்காத முறை என்ற ஒன்றை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். நம்மிடமும் 5 கிலோ சிலிண்டர் இருக்கிறதே, அத்தைக்குத் தெரியுமா?

வைப்பாற்றங்கரை:
தெரிந்திருக்காது. எனக்கே இப்போதுதான் அது நினைவுக்கு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன், விசாரித்து எழுதுகிறேன். ஆனால் சிலிண்டர் தரும்போதே மானியத்தைக் கழித்துக்கொண்டு மீதிப் பணத்தை மட்டும் கேட்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. 35 சதவீதம் பற்றிய சந்தேகமும் அப்படியே நிற்கிறது.