முழங்கால் ஊன்றியவன் கோழையா? டுபுவாவை முன்வைத்து ஒரு சண்டை

வலதுகுத்து:
தலைப்பைப் பார்த்ததும் சிலருக்குக் கோபம் வரும், தெரிந்தேதான் வைத்தேன். 2020 நவம்பரில் லண்டனில் குத்துச்சண்டை வளையத்தில் டேனியல் டுபுவாவும் ஜோ ஜாய்ஸும் மோதினார்கள். அதுவரை இருவருமே தோல்வி காணாதவர்கள். பத்தாவது சுற்றில், ஏற்கெனவே வீங்கிப்போயிருந்த இடது கண் மேல் இன்னொரு ஜாப் (முன்கையால் நேராக விடும் குத்து) விழுந்தது. டுபுவா தானாகவே ஒரு முழங்காலை ஊன்றினார். நடுவர் பத்து எண்ணி முடிக்கும்வரை எழவே இல்லை, அதோடு தோல்வி.

அப்புறம் 2005 மே மாதம் லாஸ் வேகஸில் நடந்த காராலஸ், காஸ்டியோ சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாவது சுற்றில் காராலஸ் இரண்டு முறை விழுந்தார். கண்கள் வீங்கி மூடும் நிலை. எழுந்து, அதே சுற்றில் காஸ்டியோவைக் கயிற்றோரம் தள்ளி ஆட்டத்தையே முடித்தார். உலக மட்டத்துக்கு வந்துவிட்டால் எல்லோரிடமும் உடம்பு இருக்கிறது, நுட்பம் இருக்கிறது. சாம்பியனைப் பிரித்துக் காட்டுவது அந்தப் பத்தாவது சுற்றில் எழும் மனம்தான். அது டுபுவாவிடம் இல்லை.

நீலமூலை:
எண்ணி முடித்தது வரை எழுதிய நீங்கள் மருத்துவமனையில் என்ன கண்டுபிடித்தார்கள் என்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்? கண்குழி எலும்பு உடைந்திருந்தது. உடைந்த இடத்தில் ஜாய்ஸ் மாதிரி ஆள் இன்னும் இரண்டு சுற்று அடித்திருந்தால் பார்வையே போயிருக்கலாம். டுபுவாவுக்கு அப்போது 23 வயது. அதே ஆள் 2024 செப்டம்பரில் வெம்ப்ளியில் ஆண்டனி ஜோஷுவாவை ஐந்தாவது சுற்றில் சாய்த்தார். கோழைக்கு அது வாய்க்குமா?

விட்டாலி கிளிட்ஷ்கோவையும் பாருங்கள். 2000 ஏப்ரலில் பெர்லினில் கிறிஸ் பர்டுக்கு எதிராகப் புள்ளிகளில் முன்னால் இருந்தவர், தோள் தசைநார் கிழிந்து, ஒன்பதாவது சுற்று முடிந்ததும் நாற்காலியை விட்டு எழவில்லை. நெஞ்சுரம் இல்லாதவர் என்று எழுதித் தள்ளினார்கள். 2003இல் லெனக்ஸ் லூயிஸுடன் கண்ணிமை பிளந்து ரத்தம் கொட்ட ஆறு சுற்று நின்றார். மூன்று நடுவர்களின் அட்டையிலும் அவர்தான் முன்னிலை. மருத்துவர் நிறுத்தியபோது வேண்டாம் என்று கத்தினார். மூன்று வருடத்தில் புதிதாக ஒரு மனத்தை வாங்கி மாட்டிக்கொண்டாரா?

வலதுகுத்து:
ஜோஷுவா சண்டையைச் சொன்னீர்கள், உலக சாம்பியன் உசிக்கோடு போட்ட சண்டைகளைச் சொல்லவில்லையே. 2023இல் ஒன்பதாவது சுற்று, 2025 ஜூலையில் ஐந்தாவது சுற்று, இரண்டிலும் டுபுவா எண்ணி முடிக்கப்பட்டார். ஆட்டம் தன் பக்கம் இருந்தால் சிங்கம், கை மாறினால் வேறு ஆள். நான் சொல்வது அதைத்தான்.

ராத்திரிரசிகன்:
எதிரில் நின்றது உசிக் என்பதையும் கொஞ்சம் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் :)

ஒரு சந்தேகம். மனவுறுதி ஒருவனுக்கு இருக்கிறது, இல்லை என்று நிரந்தரமாக முத்திரை குத்தலாமா? பஸ்டர் டக்ளஸின் தாய் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் மைக் டைசன் முன் நின்றார். எட்டாவது சுற்றில் விழுந்து எழுந்தார், பத்தாவதில் டைசனை வீழ்த்தினார். உலகமே வாய் பிளந்தது. அதே வருடம் அக்டோபரில் ஹோலிஃபீல்டுக்கு எதிராக உடம்பைப் பெருக்க விட்டுக்கொண்டு வந்து மூன்றாவது சுற்றில் படுத்தார். எட்டு மாதத்தில் இரண்டு மனிதர்கள். இதில் எவர் உண்மையான டக்ளஸ்?

ராபர்டோ டுரானும் இப்படித்தான். அவரைவிட முரடனைச் சொல்லுங்கள் பார்க்கலாம். 1980 நவம்பரில் லெனார்டு கேலி செய்து ஆட, எட்டாவது சுற்றில் திரும்பி நின்று போதும் என்றுவிட்டார். 1983இல் டேவி மூரை நொறுக்கிப் பட்டம் வாங்கினார். 1989இல் 37 வயதில் தன்னைவிடப் பெரிய பார்க்லியை வென்று இன்னொரு பட்டம்.

பழையகையுறை:
சில காலம் வளையத்தின் மூலையில் வீரனுக்கு உதவியாளாக வாளியும் துண்டும் பிடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் மூவரும் வீரனின் நெஞ்சுக்குள்ளேயே தேடுகிறீர்கள். வெளியிலிருந்து பார்க்கும்போது மனம் உடைந்ததுபோலத் தெரிவதில் பாதி, மூச்சு தீர்ந்துபோவது. கால் கனத்துவிட்டால் யோசனை சுருங்கும், கை தானாகக் கீழே இறங்கும்.

விட்டாலியின் தம்பி விளாடிமிரைப் பாருங்கள். 2003இல் சாண்டர்ஸிடம் இரண்டாவது சுற்றிலேயே முடிந்தார். 2004இல் ப்ரூஸ்டரை அடித்து அடித்தே களைத்து, ஐந்தாவது சுற்றில் விளாடிமிரே சரிந்தார். தாடை கண்ணாடி, மனசும் கண்ணாடி என்றார்கள். பயிற்சியாளர் இமானுவேல் ஸ்டூவர்ட் அவருக்கு வீர உரை நிகழ்த்தவில்லை. ஜாபை நீட்டு, தூரத்தை விடாதே, நெருங்கினால் கட்டிப்பிடி, மூச்சைப் பங்கிட்டுச் செலவு செய் என்று ஆட்டத்தை மாற்றினார். 2005இல் சாமுவேல் பீட்டர் மூன்று முறை வீழ்த்தியும், புள்ளிகளில் விளாடிமிர்தான் வென்றார். அதற்கப்புறம் 2015 வரை அவரை யாரும் தோற்கடிக்கவில்லை. அவருக்கு என்ன செய்வது என்று தெரிந்திருந்தது, அதனால் பதறவில்லை. எழு, எழு என்று வெளியிலிருந்து கத்துவதால் வருவதில்லை அது.

வலதுகுத்து:
அண்ணா, இதை ஏற்க முடியாது. மூச்சைப் பயிற்சியில் ஏற்றலாம், சரி. 2018 டிசம்பரில் ஃப்யூரி, வைல்டரின் குத்தில் பன்னிரண்டாவது சுற்றில் மல்லாந்து கிடந்தாரே, அந்த நொடிக்கு எந்தப் பயிற்சியாளர் பாடம் எடுத்தார்? மூன்று வருடம் முன்பு விளாடிமிர் கிளிட்ஷ்கோவை வென்ற ஆள். அதற்கப்புறம் மனச்சோர்வு, போதை, குடி, தாறுமாறாக ஏறிய எடை எல்லாவற்றிலிருந்தும் மீண்டு வந்தவர். எழுந்து அந்தச் சுற்றை முடித்தார், சண்டை டிரா.

நீலமூலை:
நீங்களே எனக்கு வேலையை மிச்சப்படுத்திவிட்டீர்கள். ஃப்யூரி மீண்டது எப்படி? தனக்கு முடியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார், 2016இல் பட்டங்களை விட்டுக்கொடுத்தார், உதவி தேடினார். அன்றைக்கு அது விலகி ஓடுவதாகத்தான் தெரிந்தது. வளையத்துக்குள் ஒருவன் போதும் என்றால் கோழை, வளையத்துக்கு வெளியே சொன்னால் வீரனா?

நீங்கள் கொண்டாடும் காராலஸ் அந்த மே மாதச் சண்டைக்குப் பிறகு ஒரு போட்டிகூட வெல்லவில்லை. எடை வகுப்புச் சிக்கலும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அப்படி ஒரு இரவு உடம்பிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளாமல் போகாது.

பழையகையுறை:
காராலஸாவது வென்றார். 2013 நவம்பரில் நியூயார்க்கில் மகமெட் அப்துசலாமவ் ஆரம்பச் சுற்றிலேயே முகத்தில் காயம் வாங்கி, பத்துச் சுற்றும் நின்றார். ஒரு முறைகூட முழங்கால் ஊன்றவில்லை. தோற்றார், அன்றிரவே மூளையில் ரத்தக்கசிவு, இன்றைக்கும் மீளாத பாதிப்பு. 1982இல் தென்கொரியாவின் கிம் டுக் கூ, மான்சினியுடன் பதினான்காவது சுற்று வரை நின்று, சில நாளில் இறந்தார். அதற்குப் பிறகுதான் உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் பட்டப் போட்டிகளை 15 சுற்றிலிருந்து 12ஆகக் குறைத்தது. வலதுகுத்து கேட்கும் மனவுறுதி இவர்கள் இருவரிடமும் முழுசாக இருந்தது.

வலதுகுத்து:
அவர்களை நான் ஒருபோதும் குறை சொல்லமாட்டேன். நிறுத்த வேண்டியவர்கள் நிறுத்தவில்லை என்பதுதான் அங்கே குற்றம். வீரனின் வேலை நிற்பது, மூலையில் இருப்பவரின் வேலை நிறுத்துவது. 1975இல் மணிலாவில் ஃப்ரேஸியர் பதினைந்தாவது சுற்றுக்குப் போகத்தான் துடித்தார், அவர் பயிற்சியாளர் எடி ஃபட்ச் விடவில்லை. அலி, ஹோம்ஸ் சண்டையில் பத்தாவது சுற்றோடு அலியின் பயிற்சியாளர் டண்டி நிறுத்தினார். இந்த இரண்டு வேலையையும் ஒரே தலைக்குள் போட்டால் அவன் பாதிக் கவனத்தில்தான் சண்டை போடுவான். உள்ளே இருப்பவனுக்கு வெளியேறும் கதவு எங்கே இருக்கிறது என்று தெரியவே கூடாது.

ராத்திரிரசிகன்:
இது இந்த இழையில் நீங்கள் சொன்னதிலேயே வலுவான வாதம். ஆனாலும் 2020 பிப்ரவரியில் நடந்ததை வைத்துப் பாருங்கள். ஃப்யூரி வைல்டரைத் துவைத்துக்கொண்டிருக்க, ஏழாவது சுற்றில் வைல்டரின் பயிற்சியாளர் மார்க் பிரெலண்ட், சண்டையை நிறுத்தச் சொல்லித் துண்டை வீசினார். நீங்கள் சொல்லும் பிரிவினைப்படி அவர் தன் வேலையைச் சுத்தமாகச் செய்தார். வைல்டர் என்ன செய்தார்? களத்தில் செத்த வீரனைப்போலக் கேடயத்தின் மேல் வைத்துத்தான் என்னை வெளியே தூக்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தேனே என்றார், பிரெலண்டை வெளியே அனுப்பினார். கதவே தெரியாமல் வளர்த்த வீரன், கதவைத் திறந்தவரைத்தான் முதலில் துரத்துகிறான். சம்பளம் கொடுப்பதும் அவன்தானே.

பழையகையுறை:
அதுதான் மூலையில் நிற்பவனின் நிலைமை. துண்டு கையில் இருக்கும், வேலை போய்விடும் என்ற பயமும் கூடவே இருக்கும். ஒரு நிமிட இடைவேளையில் கண்ணைப் பார்த்து, கேள்வி கேட்டு, பதில் தாமதமாக வருகிறதா என்று கவனித்து முடிவெடுக்க வேண்டும். சண்டைக்கு முன்பே வீரனோடு உட்கார்ந்து, எந்த நிலையில் நிறுத்துவேன் என்று பேசி ஒப்புக்கொள்ள வைத்தால்தான் அது நடக்கும். அந்தப் பேச்சுக்கே உட்காராதவனைத்தான் ஊர் மன உறுதி மிக்கவன் என்கிறது.

வலதுகுத்து:
வைல்டர் மூன்றாவது சண்டைக்குத் திரும்பி வந்து, நான்காவது சுற்றில் ஃப்யூரியை இரண்டு முறை வீழ்த்தினார் என்பதையும் எழுதுங்கள். துண்டு விழுந்ததை ஏற்றுக்கொண்ட ஆளாக இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

நீலமூலை:
பதினொன்றாவதில் நாக்-அவுட் ஆனதையும் சேர்த்தே எழுதலாம். துண்டு விழாமல் இருந்திருந்தால் மூன்றாவது சண்டைக்கு வர உடம்பு மிச்சம் இருந்திருக்குமா என்பதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.