தோட்ட ஆபீஸ் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைக்கலாமா? யாரிடம் போய்ச் சொல்வது?

ராஜம் மளிகை

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவுல பத்தாங் பெர்ஜுந்தையில, இப்ப பெஸ்தாரி ஜெயான்னு பேரு, அப்பா விட்டுப்போன மளிகைக் கடையை நடத்திக்கிட்டு வர்றேன். சுத்திலும் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம். நம்ம பிள்ளைங்க இப்ப குலை வெட்டப் போறதில்ல. எங்க தாத்தா பாட்டி இருந்த லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீடுங்கள்ல, வங்காளதேசத்துப் பையன்களும் இந்தோனேசியாக்காரங்களும் தமிழ்நாட்டுத் தம்பிங்களும் இருக்காங்க.

அதுல ஒரு தம்பிக்கு அறந்தாங்கிப் பக்கம் ஊரு. ரெண்டரை வருசமா என் கடைக்கு வர்றாரு. சம்பளம் போட்ட அன்னிக்கே கடன் கணக்கு எழுதுற 555 புத்தகத்தைத் திறக்கச் சொல்லி, கடனை அடைச்சிட்டுத்தான் அரிசி, கருவாடு, டாப்அப்புன்னு கேட்பாரு. போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி, கடை அடைக்கிற நேரம், அரிசி மூட்டை பக்கத்துல நின்னு போன் பேசிக்கிட்டிருந்தவரு அப்படியே கீழ உட்கார்ந்துட்டாரு. ஊர்ல அப்பா தவறிட்டாராம்.

மறுநாள் காலையில தோட்ட ஆபீஸுக்குப் போயி பாஸ்போர்ட் கேட்டிருக்காரு. மேனேஜர் இல்ல, நாளைக்கு வான்னுட்டாங்க. அடுத்த நாள் போனா, திரும்பி வருவேங்கிறதுக்கு 2,000 வெள்ளி (ரிங்கிட்) கட்டிட்டு எடுத்துக்கோங்கிறாங்க. என்னால 600 வெள்ளிதான் புரட்ட முடிஞ்சது. அதுக்குள்ள அங்க எடுத்துட்டாங்க. மூத்த மகன் இவரு. கொள்ளி வச்சது சித்தப்பா மகன். இவரு என் கடை வாசல்ல நின்னு வாட்சாப்புல பார்த்தாரு.

இப்ப அவரு கையில இருக்கிறது ஒரு ஜெராக்ஸ் மட்டும்தான். லேமினேட் பண்ணி மூலையில ஆபீஸ் சாப், அதான் முத்திரை, அடிச்சிருக்கு. வியர்வை உள்ள இறங்கி ஓரமெல்லாம் பிரிஞ்சிருச்சு. முகம் இருக்க வேண்டிய இடத்துல கறுப்பா ஒரு திட்டு, கண்ணு எது மூக்கு எதுன்னு தெரியல. ஈஜோக் ரோட்டுல போலீஸ் நிறுத்தினா இதைத்தான் நீட்டணும். அதனால ஞாயித்துக்கிழமை கோயிலுக்குக்கூட வர்றதில்ல.

மகள் பல்கலைக்கழகத்துல படிக்கிறா. ஐநா மனித உரிமைப் பிரகடனத்துல 13ஆவது விதியை எடுத்துக் காட்டினா. எந்த நாட்டை விட்டும் வெளிய போகவும், தன்னோட நாட்டுக்குத் திரும்பவும் எல்லாருக்கும் உரிமை இருக்குன்னு போட்டிருக்கு. 1948 டிசம்பர் 10ஆம் தேதி ஏத்துக்கிட்டதாம். அந்தக் காகிதத்தை வச்சு இந்த ஆபீஸ் அலமாரியைத் திறக்க வைக்க முடியுமா? அவரோட வேலை பெர்மிட்டுக்குக் கேடு வராம எங்க போயி சொல்றது? அந்த லயத்துல 31 பேரு இதே நிலைமையில இருக்காங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஓய்வு கிராணி

தங்கச்சி, படித்துவிட்டு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. நான் தோட்ட ஆபீஸில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தவன். அந்த அலமாரிச் சாவி 19 வருடம் என் இடுப்பில் இருந்தது. வேறு தோட்டம்தான். ஆனால் அலமாரி எல்லா இடத்திலும் ஒன்றுதான். இரண்டாவது தட்டில் ரப்பர் பேண்டு போட்டு நாடுவாரியாக அடுக்கியிருப்போம். பச்சை இரண்டு கட்டு, நீலம் ஒரு கட்டு. வந்து இறங்கிய அன்றே ஒரு தாளில் கையெழுத்து வாங்குவோம். "பாதுகாப்புக்காக நானே ஒப்படைக்கிறேன்" என்று மலாயில் இருக்கும். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர்கள் யாரும் இல்லை. படிக்கத் தெரியாது என்பது எனக்கும் தெரியும்.

அந்தத் தாளைக் காட்டுவார்கள், பயப்படாதீர்கள். தானாகக் கொடுத்தது உண்மையென்றால் கேட்ட அன்றே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். 2,000 வெள்ளி கேட்டபோதே பாதுகாப்பு என்ற பேச்சு பொய்யாகிவிட்டது. அதைக் கேட்டது யார், எந்தத் தேதி என்று எழுதி வையுங்கள்.

ஆபீஸுக்கு பாஸ்போர்ட் உண்மையிலேயே தேவைப்படுவது பெர்மிட் புதுப்பிக்கும் நேரத்தில்தான். அதற்கு ரசீது கொடுத்து வாங்கி, முடிந்ததும் திருப்பித் தரலாம். நான் வேலையை விட்ட பிறகு சில தோட்டங்களில் லயத்திலேயே ஆளுக்கொரு இரும்புப் பெட்டி வைத்து, சாவியையும் அவரவர் கையில் கொடுத்துவிட்டார்கள். முடியாத காரியம் இல்லை.

நாற்பது ஏக்கர்

அக்கா, அந்தத் தம்பிக்கு நடந்தது பாவம்தான். ஆனா எங்க பக்கமும் கேளுங்க. நான் மூணு ஆள் வச்சிருக்கேன். ஆளுக்கு வருசத்துக்கு 640 வெள்ளி லெவி (வெளிநாட்டு ஆளுக்கு அரசாங்கம் வாங்குற கட்டணம்), பெர்மிட், மருத்துவப் பரிசோதனை, ஏஜெண்டு, பிளேன் டிக்கட்னு நான்தான் கட்டினேன். ரெண்டாவது மாசமே ஒருத்தன் கோலாலம்பூருக்குக் கட்டட வேலைக்கு ஓடிட்டான். பழம் மரத்துலயே அழுகிச்சு. பாஸ்போர்ட் என்கிட்டதான் இருந்துச்சு, அப்படியும் போயிட்டான். சின்னத் தோட்டக்காரன் என்ன செய்றது?

ராஜம் மளிகை

அண்ணே, உங்க நட்டம் எனக்குப் புரியுது. பாஸ்போர்ட்டைப் பூட்டி வச்சும் அவன் போயிட்டான்னு நீங்களே சொல்றீங்க. அப்ப அது யாரைத் தடுக்குது? அப்பா சாவுக்குப் போகணும்னு முறையா வந்து கேட்டவரைத்தான்.

எங்க தாத்தா 1941ல கிள்ளான் பக்கத்துத் தோட்டத்துல பால்மரம் வெட்டினவரு. அந்த வருசம் நடந்த வேலைநிறுத்தத்துல இருந்தவரு. ஆர். எச். நாதன்னு ஒருத்தரு முன்ன நின்னாரு. வெள்ளைக்கார அரசாங்கம் அவரைப் பிடிச்சு இந்தியாவுக்கு நாடு கடத்திருச்சு. கூலியோட சேர்த்து அவங்க கேட்டதுல ஒண்ணு, துரை எதிர்ல வந்தா சைக்கிளை விட்டு இறங்குற வழக்கம் வேண்டாங்கிறது. தாத்தா கூலியைப் பத்தி அதிகம் பேசமாட்டாரு. அந்த சைக்கிளைப் பத்தித்தான் சாகுற வரைக்கும் பேசினாரு. தம்பி அந்த ஜெராக்ஸைக் கையில வச்சிருக்கிறதைப் பார்க்கிறப்ப எனக்கு அதான் ஞாபகம் வருது.

கிள்ளான் சாந்தி

ராஜம் அக்கா, நான் வக்கீல் இல்லை. தொழிலாளர் புகார்களுக்கு உதவி செய்யும் குழுவில் ஆறு வருடமாக இருக்கிறேன். மகள் காட்டிய 13ஆவது விதியில் இருந்தே தொடங்குகிறேன்.

பிரகடனத்தை மட்டும் வைத்து அலமாரியைத் திறக்க வைக்க முடியாது. அது ஒப்பந்தம் இல்லை. அதை ஒட்டி வந்த ஒப்பந்தங்களை ஒரு நாடு ஏற்றுக்கொண்டால்தான் அந்த நாடு கட்டுப்படும். குடியியல், அரசியல் உரிமைகளுக்கான 1966ஆம் ஆண்டு உடன்படிக்கையை மலேசியா ஏற்கவில்லை. புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்கான 1990ஆம் ஆண்டு உடன்படிக்கையையும் ஏற்கவில்லை. சட்டப்படி அதிகாரம் பெற்ற அரசு அதிகாரியைத் தவிர வேறு யாரும் அடையாளப் பத்திரத்தைப் பறிக்கக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்வது அதன் 21ஆவது விதிதான். வங்காளதேசம் 2011இல் அதை ஏற்றது. இந்தியா ஏற்கவில்லை. ஆள் அனுப்பும் நாடுதான் இதில் முன்னால் நின்றிருக்க வேண்டும் என்று எனக்கு வருத்தம் உண்டு.

ஆனால் கட்டாய உழைப்புக்கு எதிரான அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 29ஆவது உடன்படிக்கையை மலேசியா 1957லேயே ஏற்றுவிட்டது. அதன் கூடுதல் நெறிமுறையை 2022 மார்ச்சில் ஏற்றது. அந்த அமைப்பு கட்டாய உழைப்பைக் கண்டுபிடிக்க 11 அடையாளங்கள் வைத்திருக்கிறது. பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது அதில் ஒன்று. நம் வேலைச் சட்டத்தில் 90பி பிரிவு 2023 ஜனவரி 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. ஒருவரை மிரட்டியோ ஏமாற்றியோ வேலை வாங்கி, வெளியே போகவிடாமல் தடுத்தால் 100,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை.

அதைவிட நேரான சட்டம் பழையது, 1966ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டம். இன்னொருவர் பாஸ்போர்ட்டைச் சட்டப்படியான அதிகாரம் இல்லாமல் வைத்திருந்தால் 12ஆவது பிரிவின்படி குற்றம். 10,000 வெள்ளி வரை அபராதம், ஐந்து வருடம் வரை சிறை. கிராணி ஐயா சொன்ன இரும்புப் பெட்டிகள் பல இடங்களில் வந்தது இந்தச் சட்டத்துக்குப் பயந்து மட்டும் அல்ல. 2020இல் அமெரிக்க சுங்கத்துறை மலேசியாவின் இரண்டு பெரிய செம்பனை நிறுவனங்களின் எண்ணெயை உள்ளே விட மறுத்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் பாஸ்போர்ட் விஷயமும் இருந்தது. அதனால் அந்தத் தோட்டத்துக்கு ஆர்எஸ்பிஓ சான்றிதழ் (செம்பனை எண்ணெய் முறையாக உற்பத்தியாகிறது என்று ஓர் அனைத்துலக அமைப்பு தருவது) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கேயும் புகார் கொடுக்கலாம், அதன் விதியும் இதைத் தடுக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது. எந்தக் காரணத்துக்காகவும் தம்பி தோட்டத்தை விட்டு வெளியேறி வேறு இடத்தில் தங்கக் கூடாது. ஓடிவிட்டான் என்று குடிநுழைவுத் துறையில் அறிக்கை கொடுத்தால் பெர்மிட் போய்விடும், குற்றவாளி அவராகிவிடுவார். முதலில் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டு மலாயில் ஒரு கடிதம், இரண்டு பிரதி. ஒன்றில் ஆபீஸ் சாப், தேதி வாங்குங்கள். சாப் போட மறுத்தால் கொடுக்கும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள். தரவில்லை என்றால் அந்தப் பிரதியோடு தொழிலாளர் இலாகா. கூடவே சுஹாகாமுக்கும் (மலேசிய மனித உரிமை ஆணையம்) இந்தியத் தூதரகத்துக்கும் ஒரு பிரதி. சுஹாகாம் விசாரிக்கும், கேட்கும், பரிந்துரைக்கும், ஆனால் தண்டிக்க முடியாது. அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். வெளிநாட்டுத் தொழிலாளியும் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் சேரலாம், அதையும் சொல்லுங்கள். ஒருவர் தனியாகப் புகார் கொடுத்தால் அவர் பெயரைக் குறித்து வைத்துக்கொள்வார்கள். 31 பேரும் சேர்ந்து கொடுங்கள்.

நாற்பது ஏக்கர் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. உங்களிடம் இருக்கும் மற்ற இருவரின் பாஸ்போர்ட்டை இன்றைக்கே கொடுத்துவிடுங்கள். அந்த 12ஆவது பிரிவு உங்களுக்கும்தான்.

நாற்பது ஏக்கர்

இது குற்றம்னே தெரியாம இருந்தேன் தங்கச்சி. சாயங்காலம் கொடுத்துட்டேன். ஒருத்தன் பக்கம் பக்கமா புரட்டிப் பார்த்துக்கிட்டு ரொம்ப நேரம் நின்னான்.

ராஜம் மளிகை

பத்து நாள் ஆச்சு, நடந்ததைச் சொல்றேன். மகள் கடிதம் எழுதினா. திங்கட்கிழமை நானும் தம்பி கூடப் போனேன். நீங்க யாரு, கடைக்காரிக்கு இங்க என்ன வேலைன்னு கேட்டாங்க. இவரு என் கடைக்கு ரெண்டரை வருசமா வர்றவருன்னு சொன்னேன், வேற சொல்லத் தோணல. சாப் போட மாட்டேன்னுட்டாங்க, மகள் படம் எடுத்தா. வெள்ளிக்கிழமை கூப்பிட்டுப் பாஸ்போர்ட்டைக் கையில கொடுத்துட்டாங்க, பணம் எதுவும் கேட்கல. கருமாதிக்கு ஊருக்குப் போறதுக்குள்ள அதுவும் முடிஞ்சிருச்சு. அம்மாவைப் பார்க்கவாவது அடுத்த மாசம் போறாரு.

மத்த 30 பேரு பாஸ்போர்ட் இன்னும் அங்கதான் இருக்கு. அவருக்கு மட்டும் கொடுத்தா நாங்க பேசாம இருந்துருவோம்னு நினைச்சிருக்கலாம். நேத்து ராத்திரி கடை அடைச்ச பிறகு எல்லாரும் வந்தாங்க. புது 555 புத்தகம் ஒண்ணு எடுத்து, பேரு, பாஸ்போர்ட் நம்பரு, எந்தத் தேதியில வாங்கி வச்சாங்கன்னு அவங்க அவங்க கையாலயே எழுதினாங்க. வங்காளத்துல, தமிழ்ல, ரோமன் எழுத்துல. எழுதத் தெரியாத ரெண்டு பேரு கைநாட்டு வச்சாங்க. தன் பாஸ்போர்ட் நம்பரு தெரியாதவங்க 11 பேரு, ஜெராக்ஸ்லயும் நம்பரு அழிஞ்சிருக்கு.

சாந்தி தங்கச்சி, நம்பரு இல்லாம புகாரை எடுத்துக்குவாங்களா? புதன்கிழமை காலையில தொழிலாளர் இலாகாவுக்குக் கிளம்புறோம். வேன் பேசியாச்சு. வங்காளம் பேசத் தெரிஞ்சவங்க யாராவது கூட வர முடியுமான்னு பார்த்துச் சொல்லுங்க.