ஜோஹன்னஸ்பர்க் கடிகாரம் வேகமாக ஓடினால் டர்பனின் ‘இப்போது’ எங்கே?

உம்கெனிக்கரை எழுதியது:

வணக்கம். நம் டர்பன் கடலோரம், ஜோஹன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியல்படி அங்கே கடிகாரம் கொஞ்சம் வேகமாக ஓட வேண்டும். மேலே ஈர்ப்பு குறைவு என்பதுதான் காரணமா? இன்னொன்று: ஜோஹன்னஸ்பர்க் நிலநடுக்கோட்டுக்கு நம்மைவிடக் கிட்டே இருப்பதால் பூமியோடு சேர்ந்து வேகமாகச் சுற்றுகிறது. வேகம் கூடினால் கடிகாரம் மெதுவாகுமே, அதைக் கழிக்க வேண்டாமா?

என்னை அதிகம் குழப்புவது இதுதான். நாள்தோறும் அங்கே சற்று அதிக நேரம் கழிகிறதென்றால், அவர்களுடைய ‘இப்போது’ நம்முடையதை விட்டு எதிர்காலத்துக்குள் நகர்ந்துகொண்டே போகிறதா? ஒரு அணுக் கடிகாரத்தை பக்கியில் (சிறு சரக்கு வண்டியில்) ஏற்றிக்கொண்டு போய் இதை அளக்க முடியுமா?

தராசுமுள் எழுதியது:

முதலில் கணக்கு. ஈர்ப்பு முடுக்கத்தை உயரத்தால் பெருக்கி, ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுங்கள். 9.79 × 1,750 ÷ (9 × 10¹⁶) என்பது 1.9 × 10⁻¹³. ஒரு நாளுக்கு 86,400 வினாடி. ஆக ஜோஹன்னஸ்பர்க் கடிகாரம் நாளுக்கு 16.5 நானோவினாடி (வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு ஒரு நானோவினாடி) முந்தும். மீட்டருக்கு நாளொன்றுக்கு 9.4 பிக்கோவினாடி (நானோவினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு பிக்கோவினாடி) என்று மனதில் வைத்துக்கொண்டால் எந்த ஊருக்கும் போட்டுப் பார்க்கலாம்.

‘மேலே ஈர்ப்பு குறைவு’ என்ற விளக்கம் தவறு. கணக்கில் வருவது இழுவிசையின் அளவு அல்ல, தன்னழுத்த வேறுபாடு. அதாவது ஒரு கிலோகிராமைக் கீழிருந்து மேலே தூக்கச் செலவாகும் ஆற்றல். மேலும் கீழும் இழுவிசை துல்லியமாக ஒன்றாகவே இருந்தாலும் மேல் கடிகாரம் முந்தும். கார்ல்டன்வில் அருகே இருக்கும் ம்போனெங் தங்கச் சுரங்கம் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் ஆழம். அதன் அடியில் வைத்த கடிகாரம் சுரங்க வாயிலில் இருப்பதைவிட நாளுக்குச் சுமார் 38 நானோவினாடி பிந்தும். இன்னும் இறங்கிப் பூமியின் மையத்துக்கே போனால் இழுவிசை பூஜ்யம். ஆனால் பூமியிலேயே மிக மெதுவாக ஓடும் கடிகாரம் அங்கே வைத்ததுதான். இந்த ஒரு எடுத்துக்காட்டே பழைய விளக்கத்தைக் கைவிடப் போதும்.

நிலப்பரப்பு எழுதியது:

சுழற்சிக் கேள்விக்கு: கழிக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் விளைவு உண்மையானது. ஜோஹன்னஸ்பர்க் வினாடிக்கு 417 மீட்டரும் டர்பன் 403 மீட்டரும் நகர்கின்றன. அதற்காக மட்டும் நாளுக்கு 5.5 நானோவினாடி வேறுபாடு வர வேண்டும். ஆனால் அதே சுழற்சிதான் பூமியை நடுவில் பிதுங்க வைத்திருக்கிறது. நடுக்கோட்டை நெருங்க நெருங்கக் கடல்மட்டமே பூமி மையத்திலிருந்து விலகி உயர்கிறது. உயரத்தால் கிடைக்கும் முந்தலும் வேகத்தால் வரும் பிந்தலும் சரியாகச் சமன் ஆகின்றன. இது தற்செயல் அல்ல. ஈர்ப்பும் சுழற்சியும் சேர்ந்த மொத்தத் தன்னழுத்தம் எங்கே சமமோ அங்கேதான் கடல்நீர் நிற்கும். கடிகார வேகத்தை முடிவு செய்வதும் அதே மொத்தம்தான். அதனால் கடல்மட்டத்தில் இருக்கும் எல்லாக் கடிகாரங்களும் துருவத்திலும் நடுக்கோட்டிலும் ஒரே வேகத்தில் ஓடும். மிஞ்சுவது கடல்மட்டத்துக்கு மேலான உயரம் மட்டுமே.

1905-இல் ஐன்ஸ்டைன், நடுக்கோட்டுக் கடிகாரம் துருவக் கடிகாரத்தைவிட மெதுவாக ஓடும் என்று எழுதினார். பொதுச் சார்பியல் அப்போது பிறக்கவில்லை. ஈர்ப்பின் பங்கு கணக்கில் சேரவில்லை. ஆகவே உங்கள் சந்தேகம் நல்ல சந்தேகம்.

உம்கெனிக்கரை எழுதியது:

மிக்க நன்றி, வேகம் புரிந்துவிட்டது. ‘இப்போது’ பற்றியும் சொல்லுங்கள், தராசுமுள் அண்ணா.

தராசுமுள் எழுதியது:

கடிகாரம் ஓடும் வேகம் வேறு, உடனிகழ்வு (எந்த இரண்டு கணங்கள் ‘ஒரே நேரம்’ என்பது) வேறு தங்கச்சி. இரண்டையும் ஒன்றாக்கினால்தான் ‘எதிர்காலத்துக்குள் நகர்வது’ போலத் தோன்றும்.

டர்பனிலிருந்து ஒரு கண்ணாடி இழை வழியாக, டர்பன் கடிகாரப்படி 86,400 வினாடிக்கு ஒரு துடிப்பு அனுப்புங்கள். இழை மாறவில்லை, பூமியும் மாறவில்லை. பயண நேரம் என்றும் ஒன்றே. ஜோஹன்னஸ்பர்க்கில் இரண்டு துடிப்புகளுக்கு இடையே 86,400 வினாடியும் 16.5 நானோவினாடியும் பதிவாகும். அதே இடைவெளியை அங்கே கூடுதலாக எண்ணுகிறார்கள், அவ்வளவுதான். 80 ஆண்டு அங்கே வாழ்ந்தவருக்குச் சுமார் அரை மில்லிவினாடி வயது கூடியிருக்கும். ஆனால் அவருடன் தொலைபேசியில் பேசும்போது தாமதம் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. அவருடைய ‘இப்போது’ நகர்ந்துகொண்டே போயிருந்தால், ஒரு திசையில் தாமதம் ஆண்டுதோறும் வளர்ந்து மறு திசையில் தேய்ந்திருக்க வேண்டும்.

சரி, ஜோஹன்னஸ்பர்க்கில் ஒரு விளக்கு எரியும் கணத்துக்கு டர்பனில் எந்தக் கணம் ‘அதே நேரம்’? நேர்கோட்டுத் தூரம் சுமார் 500 கிலோமீட்டர்; ஒளிக்கு 1.67 மில்லிவினாடி. ஆகவே டர்பனில் மொத்தம் 3.3 மில்லிவினாடி நீளமுள்ள ஒரு இடைவெளி இருக்கிறது. அதற்குள் நடக்கும் எதுவும் அந்த விளக்கைப் பாதிக்காது, விளக்காலும் பாதிக்கப்படாது. அந்த இடைவெளிக்குள் ‘அதே நேரம்’ எது என்பது நாம் தேர்ந்தெடுக்கும் ஒழுங்குமுறை. வினாடிக்கு 250 மீட்டர் வேகத்தில் டர்பனிலிருந்து அங்கே பறக்கும் விமானத்தில் இருப்பவருடைய தேர்வு நம்முடையதிலிருந்து 1.4 நானோவினாடி விலகும்.

தரையிலும் சிக்கல் உண்டு. ஒளியை அனுப்பித் திரும்பப் பெற்று, நேரத்தைப் பாதியாக்கிக் கடிகாரங்களைப் பொருத்தும் முறையை எடுங்கள். பூமி கிழக்கே சுழல்வதால் டர்பன் நோக்கிப் போகும் துடிப்புக்குச் சுமார் 1.3 நானோவினாடி கூடுதலாகிறது, திரும்பி வருவதற்கு அதே அளவு குறைகிறது. பாதியாக்கினால் 1.3 நானோவினாடி பிழை. இதே முறையில் ஊர் ஊராக நடுக்கோட்டைச் சுற்றி வந்தால், புறப்பட்ட இடத்துக் கடிகாரம் தன்னோடேயே 207 நானோவினாடி முரண்படும்! அதனால்தான் உலக நேரக் கணிப்பில், சுழலாத, பூமி மையத்தோடு பிணைந்த சட்டகத்தின் (அளவீட்டுக்கான பார்வை அமைப்பின்) உடனிகழ்வைப் பொதுவாக ஏற்றிருக்கிறார்கள். வேகத்தை மட்டும் கடல்மட்டக் கடிகாரத்தோடு ஒத்துப்போகும்படி திருத்திக்கொள்கிறார்கள்.

கடிகாரமேசை எழுதியது:

அளக்க முடியும். ஆனால் இங்கே ஒன்று, அங்கே ஒன்று வைத்து ஒப்பிட்டால் எதுவும் தெரியாது. விற்பனைக்கு வரும் சீசியம் அணுக் கடிகாரங்களில் மேலான வகையின் துல்லியமே 5 × 10⁻¹³. நாம் தேடுவது 1.9 × 10⁻¹³. ஆகவே ஒரே கடிகாரம் இடம் மாறும்போது அதன் வேகம் எவ்வளவு மாறுகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

இரண்டு சீசியம் கடிகாரங்களை டர்பனில் ஒரே அறையில் 7 நாள் ஓடவிட்டு, வினாடித் துடிப்புகளுக்கிடையேயான வேறுபாட்டை நேர இடைவெளி அளவியால் பதிவு செய்யுங்கள். அந்த வேறுபாடு நாளுக்கு எவ்வளவு மாறுகிறது என்ற சாய்வு தெரிந்துவிடும். பிறகு ஒன்றை ஜோஹன்னஸ்பர்க் கொண்டுபோய் 5 நாள் வைத்து, திரும்பக் கொண்டுவந்து மறுபடி 7 நாள். முன்னும் பின்னும் சாய்வு ஒத்திருந்தால் நடுவே வந்த தாவல்தான் விடை: சுமார் 82 நானோவினாடி, அதோடு வழியில் சேர்ந்தது. வழிக்கு, நிமிடத்துக்கொரு முறை உயரத்தைக் குறித்து, மேலே சொன்ன 9.4 பிக்கோவினாடிக் கணக்கில் கூட்டுங்கள். மேற்கே போகையில் வரும் 1.3 நானோவினாடி முந்தல், அதே சாலையில் திரும்பினால் கழிந்துவிடும். துடிப்பை வைத்து அளந்தபோது வந்த அதே 1.3, கடிகாரத்தைத் தூக்கிப் போனாலும் வருகிறது. எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

5 நாளில் மேலான சீசியம் குழாய் (கடிகாரத்தின் மையப் பகுதி) கொண்ட கடிகாரம் சுமார் 6 நானோவினாடி அலையும், சாதாரணக் குழாய் 20-ஐத் தாண்டும். இரண்டு கடிகாரங்களின் அலைவும் சேரும் என்பதால் மேலானதையே தேடுங்கள். ருபிடியம் அணுக் கடிகாரம் உதவாது: அதன் வேகம் வெப்பநிலையாலும் காற்றழுத்தத்தாலும் 10⁻¹² அளவில் எளிதாக மாறும். அதுவே நாளுக்கு 86 நானோவினாடி.

ஜி.பி.எஸ்.ஸால் திருத்தப்படும் கடிகாரத்தை எடுக்கவே எடுக்காதீர்கள். செயற்கைக்கோள் நேரம் கடல்மட்ட வேகத்துக்கு அமைக்கப்பட்டது. அது உங்கள் கடிகாரத்தை இழுத்துப் பிடித்து, தேடும் விளைவையே அழித்துவிடும்.

மின்சாரம் ஒரு கணமும் நிற்கக் கூடாது. நின்றால் அதுவரை செய்தது எல்லாம் வீண். லோட் ஷெடிங் அட்டவணை இல்லாத வாரத்திலும் இரண்டு முனையிலும் பேட்டரி வேண்டும், வண்டியில் தனியாக ஒன்று. அளவியின் தூண்டு மட்டத்தை (துடிப்பு வந்ததாக அது எண்ணும் மின்னழுத்தத்தை) 1 வோல்ட்டில் பூட்டிவிடுங்கள். கேபிளை மாற்றாதீர்கள், ஒரு மீட்டர் கூடினால் 5 நானோவினாடி தாவும். வண்டி ஒலிபெருக்கியின் காந்தத்துக்குப் பக்கத்தில் கடிகாரத்தை வைக்க வேண்டாம்.

விளைவு பெரிதாக வேண்டுமென்றால் லெசோத்தோ எல்லையிலுள்ள சானி கணவாய் உச்சி 2,874 மீட்டர். நாளுக்கு 27 நானோவினாடி. அந்தச் சாலையின் குலுக்கலுக்கு, 30 கிலோ எடையுள்ள கடிகாரத்தின் அடியில் தடித்த பஞ்சு மெத்தை கட்டாயம்.