சின்னக் கேபினெட்டில் ஹார்ட் டிஸ்க் பிராக்கெட்: ரப்பர் வாஷர் வேண்டுமா, வேண்டாமா?

அரம்:
நிசப்தன் தன் சின்னக் கேபினெட்டுக்கு, அதாவது கணினிப் பெட்டிக்கு, அலுமினியத் தகட்டை வளைத்து ஹார்ட் டிஸ்க்கைப் பிடித்து நிறுத்தும் பிராக்கெட் செய்த கதையை நேற்று எழுதியிருந்தார். செய்ததில் எனக்குச் சண்டை இல்லை. கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறார்: "ரப்பர் வாஷர் இல்லாமல் டிஸ்க்கை இறுக்குகிறவனுக்குக் காது கிடையாது." பதினைந்து வருடமாக ரப்பர் இல்லாமல்தான் இறுக்குகிறேன். காது இரண்டும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. அவர் கொடுத்த அளவையே பாருங்கள். பிராக்கெட்டின் இரு கைகளுக்கு நடுவே 105 மி.மீ. டிஸ்க்கின் அகலம் 101.6. மிச்சம் 3.4, பக்கத்துக்கு 1.7. அதில் 2 மி.மீ. வாஷர் போட்டாராம். 1.7 இடத்தில் 2 எப்படி உட்கார்ந்தது?

நிசப்தன்:
ரப்பர் அமுங்கும் ஐயா. அதற்குத்தான் அதற்கு ரப்பர் என்று பெயர். நிமிடத்துக்கு 7200 சுற்று ஓடும் டிஸ்க் நொடிக்கு 120 தடவை அதிர்கிறது. மெல்லிய தகரத்தோடு நேரடியாக இறுக்கினால் பக்கத் தகடு முழுவதும் தவில் தோல் போல உறுமும். முன்பு மேல்மூடியில் விரலை வைத்தால் நகக்கண் வரை கூசும். இப்போது ஒன்றும் தெரியவில்லை.

தறி:
இடையில் ஒரு கேள்வி. டிஸ்க் என்று எதைச் சொல்கிறோம்? 3.5 அங்குல டிஸ்க்கையா, 2.5 அங்குலத்தையா, எஸ்எஸ்டியையா? எஸ்எஸ்டி சிப்பில் தரவைச் சேமிப்பது, அதில் சுழலும் பாகமே இல்லை. அதற்கு இந்த வழக்கே கிடையாதே.

அரம்:
2 மி.மீ. ரப்பரை 1.7-க்கு நசுக்கினால் அது பாதி மரக்கட்டை. கட்டைக்கு எதற்கு வாஷர் என்ற பெயர்? இன்னொன்று. டிஸ்க்கின் உள்ளே தரவைப் படிக்கும் தலையைத் தாங்கும் கை ஒரு பக்கம் வீசித் திரும்பும்போது டிஸ்க்கின் உடல் எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். இறுக்கமான பிராக்கெட் அதைப் பிடித்துக்கொள்ளும். தொளதொளவென்று தொங்கும் டிஸ்க்கில் தலை தன் தடத்தில் நிலைகொள்ளவே தடுமாறும். ஓசைக்குப் பயந்து டிஸ்க்கை ஊஞ்சலில் போடுகிறீர்கள்.

நிசப்தன்:
கட்டை என்றும் நீங்களே சொல்கிறீர்கள், ஊஞ்சல் என்றும் நீங்களே சொல்கிறீர்கள். ஏதாவது ஒன்றில் நில்லுங்கள். நல்ல கேபினெட்டுகளில் டிஸ்க் தட்டோடு ரப்பர் வளையம் சேர்ந்தே வருகிறது. அவர்களுக்கும் அறிவு இல்லையா?

அரம்:
வருகிறது. அதோடு வரும் ஸ்க்ரூவைக் கையில் எடுத்துப் பார்த்ததுண்டா? தலைக்குக் கீழே மரை இல்லாத தடித்த கழுத்து ஒன்று இருக்கும். அந்தக் கழுத்து டிஸ்க்கின் உடலில் முட்டி நின்றுவிடும், ரப்பர் நசுங்காது. உங்கள் படத்தில் இருப்பது கழுத்தில்லாத சாதாரண ஸ்க்ரூ. இறுக்க இறுக்க ரப்பர் பிதுங்குகிறது, அது முழுதாக அமுங்காவிட்டால் பிராக்கெட்டின் கைகள் வெளியே விரிந்தே நிற்கும். வலது கை விரிந்திருப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது.

நிசப்தன்:
ஆக, கழுத்து ஸ்க்ரூ போட்டால் ரப்பர் சரி என்கிறீர்கள். மிக்க நன்றி.

அரம்:
அப்படி நான் சொல்லவில்லை. 1.7 இடத்தில் 2 எப்படி உட்கார்ந்தது என்று கேட்டேன்.

மெழுகு:
இவ்வளவு பாடு எதற்கு? நான் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழையில் பிராக்கெட்டை முப்பரிமாண அச்சு எடுத்தேன். நான்கு மணி நேரம், அரமும் இல்லை, பிசிரும் இல்லை. பிளாஸ்டிக்கே பாதி அதிர்வை விழுங்கிவிடுகிறது.

அரம்:
பிஎல்ஏ 60 டிகிரிக்குப் பக்கத்திலேயே இளகத் தொடங்கும். காற்று புகாத சின்னக் கேபினெட்டில், பவர் சப்ளைக்கு முதுகை ஒட்டி, அரைக் கிலோவுக்கு மேல் கனக்கும் டிஸ்க்கை அதில் மாட்டுகிறீர்கள். ஒரு கோடைக்குப் பிறகு பிராக்கெட் கும்பிடு போடும்.

மெழுகு:
என் டிஸ்க் 43 டிகிரியைத் தாண்டியதே இல்லை. இரண்டு கோடை ஆயிற்று, கும்பிடு போடவில்லை. வேண்டுமானால் பிஇடிஜி என்ற வேறு பிளாஸ்டிக் இழையில் எடுக்கலாம், அது 80 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இளகும். உலகத்தில் எல்லாவற்றையும் அலுமினியத்தில்தான் செய்ய வேண்டும் என்று சட்டமா?

அரம்:
இளகாவிட்டாலும் ஸ்க்ரூ அழுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாளடைவில் அமுங்கிக்கொடுக்கும். இன்றைக்கு இறுக்கியது ஆறு மாதத்தில் ஆடும். ஆட்டிப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

வெண்கலம்:
ஸ்க்ரூ என்றதும் நினைவு வருகிறது. முதல் தடவை பிராக்கெட் செய்தபோது 3.5 அங்குல டிஸ்க்கில் எம்3 ஸ்க்ரூவை, அதாவது 3 மி.மீ. தடிமன் ஸ்க்ரூவைப் போட்டேன். விரலாலேயே வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. சரியாகத் துளையிட்டதன் பலன் என்று மகிழ்ந்தேன். கேபினெட்டைக் கவிழ்த்ததும் டிஸ்க் மடியில் விழுந்தது. எம்3 என்பது 2.5 அங்குலத்துக்கு. 3.5-க்கு 6-32 என்ற தடித்த மரை வேண்டும். இதை யாரும் முதலிலேயே சொல்லித் தொலைக்கவில்லை.

அரம்:
அதையேதான் நிசப்தனிடம் கேட்கப்போகிறேன். அவர் போட்டது 6 மி.மீ. நீள ஸ்க்ரூ. தகடு 1.5, ரப்பர் 1.7. டிஸ்க்குக்குள் போவது வெறும் 2.8. அந்த மரையில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 0.8 மி.மீ. ஆக, மூன்றரைச் சுற்று! மூன்றரைச் சுற்றில் ஒரு ஹார்ட் டிஸ்க் தொங்குகிறது.

நிசப்தன்:
தொங்கவில்லை, நிற்கிறது. பக்கத்துக்கு இரண்டாக நான்கு ஸ்க்ரூ இருக்கின்றன. கணக்கில் இவ்வளவு சூரர் என்றால், போன வருடம் நீங்கள் தந்த துளை வரைபடம் ஏன் 3 மி.மீ. தள்ளிப் போனது? ஒரு முழுத் தகட்டை வீணாக்கினேன். அன்றைக்கு ஒரு வார்த்தை வருத்தம் உண்டா?

அரம்:
வரைபடத்தில் பக்கத்துளைகளுக்கு நடுவே நீளவாக்கில் 101.6 (அகலமும் அதே அளவுதான்) என்று எழுதியே இருந்தது. நீங்கள் அச்செடுக்கும்போது "தாளுக்குப் பொருத்து" என்று விட்டிருப்பீர்கள். 97 சதவீதமாகச் சுருங்கினால் 98.6 வரும், அதுதான் உங்கள் 3 மி.மீ. அச்சுத்தாளின் மேல் ஸ்கேலை வைத்துப் பார்க்காமல் தகட்டில் புள்ளி குத்தியது யார்?

நிசப்தன்:
ஸ்கேலை வைத்துப் பார்த்தேன்.

அரம்:
எந்த ஸ்கேல்?

நிசப்தன்:
இரும்பு ஸ்கேல். நீங்கள் வைத்திருப்பது போலவே.

தறி:
எஸ்எஸ்டி பற்றிக் கேட்டிருந்தேன்.

வெண்கலம்:
தறி, எஸ்எஸ்டியை இரட்டைப் பக்க ஒட்டும் பட்டையில் ஒட்டிவிட்டுத் தூங்கப் போங்கள்.

மெழுகு:
பிராக்கெட்டை ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை.

அரம்:
எத்தனை நாளைக்கு முன்பு ஸ்க்ரூவைத் திரும்ப முறுக்கினீர்கள்?

மெழுகு:
அது வேறு விஷயம்.

அரம்:
வேறு விஷயமே இல்லை, அதுதான் விஷயம். சரி, நிசப்தனுக்குக் கடைசியாகக் கேட்கிறேன். வெர்னியர் காலிப்பரைப் பிராக்கெட்டின் கைகளுக்கு நடுவே வையுங்கள். ஒரு தடவை அடியில், ஒரு தடவை மேல் விளிம்பில். இரண்டு இடத்திலும் 105 வந்தால் நான் வாயைத் திறக்கவில்லை. மேலே 105.5 வந்தால், உங்கள் ரப்பர் அமுங்கவில்லை, தகடுதான் வளைந்திருக்கிறது.

நிசப்தன்:
அளக்க வேண்டுமென்றால் கேபினெட்டைக் கழற்ற வேண்டும். நன்றாக ஓடுகிற ஒன்றை உங்கள் திருப்திக்காகக் கழற்ற முடியாது. ஓசை இல்லை, எனக்கு அது போதும்.

அரம்:
பக்கத் தகட்டுக்கு எத்தனை ஸ்க்ரூ? இரண்டு. ரப்பர் வாஷருக்கு ஒரு பக்கம் எழுத நேரம் இருந்தது, இரண்டு ஸ்க்ரூவைக் கழற்ற நேரம் இல்லை.

வெண்கலம்:
மூன்று நாளாகிவிட்டது. நிசப்தன் அளந்தாரா?

அரம்:
அளந்திருப்பார். சொல்லமாட்டார். 1.7.