டீச்சர், ஆயாம்மா, ஹெல்பர்: ஒன்றாக வேலை பார்க்கும்போது இடறுவது எங்கே?

டே-கேர் பொறுப்பாளர்

மனத்தாங்கல் பெரும்பாலும் மதியம் ஷிஃப்ட் மாறும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் முளைக்கிறது. காலையில் வந்தவர் பையை மாட்டிக்கொண்டே "மருந்து குடுத்தாச்சு" என்று கிளம்புவார். எந்த மருந்து, எவ்வளவு, எப்போது? பாராசிட்டமால் சிரப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 5 மில்லியில் 125 மி.கி. உள்ளதும் கிடைக்கிறது, 250 மி.கி. உள்ளதும் கிடைக்கிறது. "அஞ்சு மில்லி குடுத்தேன்" என்பதற்கு பாட்டிலைப் பார்க்காமல் அர்த்தமே இல்லை. அடுத்த டோஸுக்குக் குறைந்தது 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். நேரம் எழுதாவிட்டால் அடுத்தவர் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். டாக்டர் சீட்டும் பெற்றோர் கையெழுத்தும் இல்லாமல் மருந்து பாட்டிலைத் தொடவே கூடாது என்பது வேறு விஷயம்.

நோட்டில் குழந்தை பெயர், லேபிளில் உள்ள அளவு, கொடுத்த மில்லி, மணி, கையெழுத்து. பிறகு பொறுப்பை வாங்கிக்கொள்பவர் வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். "திருப்பிச் சொல்லுங்க" என்று கேட்டால் வயதில் மூத்தவர்களுக்குச் சுருக்கென்கிறது, 'என்னை நம்பலையா' என்று. அதனால் கேட்க வைக்காதீர்கள். வாங்குபவரே "அக்கா, நான் சொல்றது சரியான்னு பாருங்க" என்று ஆரம்பித்தால் யாருக்கும் உறுத்தாது.

பவுடர் பாலுக்கும் இதே கதை. கலந்து வெளியே வைத்தது 2 மணி நேரம்தான் தாங்கும், பிறகு கொட்டிவிட வேண்டும். குழந்தை வாய் வைத்துவிட்டால் 1 மணி நேரம். "மீதி இருக்கு" என்பது தகவலே அல்ல. பாட்டிலில் மணியை எழுதி ஒட்டுங்கள்.

அங்கன்வாடிப் பணியாளர்

2 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை அளவுப் பலகையில் படுக்க வைத்து நீளம் எடுப்பது இருவர் வேலை. உதவியாளர் தலைமாட்டில், பணியாளர் கால்மாட்டில். பல இடங்களில் உதவியாளரிடம் "சும்மா புடிச்சுக்கோ" என்பதோடு சரி. எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லித் தருவதில்லை: உச்சந்தலை தலைமாட்டுப் பலகையைத் தொட வேண்டும், கண் நேரே மேலே பார்க்க வேண்டும், கொண்டையோ கிளிப்போ இருக்கக் கூடாது. இந்தப் பக்கம் முழங்காலை அழுத்தி, பாதத்தை நிமிர்த்தி, கால்மாட்டுப் பலகையை நகர்த்த வேண்டும். முழங்கால் மடங்கினால் அளவு குறைந்து, நன்றாக வளரும் பிள்ளை 'வயதுக்கேற்ற உயரம் இல்லை' என்று பதிவாகிவிடும்.

"தலை விலகிடுச்சு டீச்சர், மறுபடி எடுங்க" என்று உதவியாளர் தயங்காமல் சொல்ல முடிகிற மையத்தில்தான் அளவு சரியாக இருக்கும். இதைச் சொன்னதற்கு முகம் சுளித்தால் அடுத்த மாதம் சொல்ல மாட்டார். எண்ணைத் தனித்தனியாகச் சொல்லுங்கள்: "ஏழு, ஒம்பது, புள்ளி, நாலு". அழுகைச் சத்தத்தில் எழுபத்தொண்ணும் எழுபத்தொம்பதும் ஒன்றுபோலத்தான் கேட்கும்.

ப்ரீ-கேஜி ஆசிரியர்

"கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போவதைத் தடை செய்யலாம். யாரை, எத்தனை பேரை? "அக்கா, ரெண்டு பேரைப் பாத்ரூம் கூட்டிட்டுப் போறேன், உங்ககிட்ட எட்டு." பதில்: "எட்டு, எண்ணிட்டேன்." அந்தப் பதில் வந்த பிறகுதான் நகர வேண்டும்.

பிள்ளைகள் முன்னால் திருத்துவது ஆபத்துக்கு மட்டும். முழுத் திராட்சையைத் தட்டில் வைத்துவிட்டால் அப்போதே "அக்கா, நிறுத்துங்க, திராட்சை" என்று சொல்லியே ஆக வேண்டும். நீளவாக்கில் நாலாக நறுக்கித்தான் தரணும். மற்றதெல்லாம் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில், தனியாக. டீச்சர் "ஏய் ஆயா" என்றால் நாலே நாளில் வகுப்பு முழுக்க அப்படித்தான் கூப்பிடும், அப்புறம் அவர் சொல்லுக்கு எந்தப் பிள்ளையும் உட்காராது.

டே-கேர் பொறுப்பாளர்

ஒன்று விட்டுப்போச்சு. வாட்ஸ்அப் குரூப்பில் "சிலர் டயப்பர் மாற்றுவதில்லை" என்று போடாதீர்கள். சம்பந்தப்பட்டவர் தன்னை இல்லை என்று நினைப்பார், சம்பந்தமில்லாத நாலு பேர் தன்னைத்தான் என்று நினைப்பார்கள். மாற்றும் மேஜைக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டுங்கள்: மணி, ஈரமா மலமா, தடிப்பு இருந்ததா, மாற்றியவர் இனிஷியல். விடுபட்ட கட்டம் தெரிந்தால் அவரிடம் மட்டும் கேட்டால் போதும்.