கலைச்சொல் விவாதம்: ‘ஒடுங்குதெளிவு மூட்டற்படம்’

அன்பின் குழுமத்தாருக்கு வணக்கம். ஒரு காட்சியைப் பல துண்டுகளாக எடுத்து ஒன்றாக்கி, ஆளை மட்டும் தெளிவாகவும் பின்னணியை மங்கலாகவும் காட்டும் ‘பொக்கே பனோரமா’ என்ற ஒளிப்பட முறைக்கு இந்த இழையில் தமிழ்ச்சொல் தேடுகிறோம். பனோரமா என்பது பல படங்களைச் சேர்த்துப் பெறும் அகலப்படம், பொக்கே என்பது பின்னணி மங்கல். கோயம்புத்தூர் ஐயா எழுதியது இது:

> ‘அகலப்பரப்பு மங்கற்படம்’ என்றே வைத்துக்கொள்ளலாம். பனோரமாவுக்கு அகலப்பரப்பு, பொக்கேவுக்கு மங்கல். பொருள் நேராக விளங்குகிறது.

கோயம்புத்தூர் ஐயா முன்வைத்த இந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டு பாதியுமே முறையின் நோக்கத்தைத் தவறவிடுகின்றன.

பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்குவதால் இதைப் பனோரமாவின் வகை என்று எண்ணிவிடுகிறோம். பனோரமா எடுப்பவர், ஒரு சட்டத்துக்குள் அடங்காத காட்சியை அடக்கப் பார்க்கிறார். இங்கே எடுக்கும் காட்சியோ சாதாரண 35 மி.மீ. வில்லைக்குள்ளேயே அடங்கிவிடும். அது தெரிந்தும் அதைவிடக் குறுகிய பரப்பையே பார்க்கும் 85 மி.மீ. வில்லையைப் பூட்டி, அதே காட்சியைத் துண்டு துண்டாக எடுத்துக் கணினியில் சேர்க்கிறோம். காரணம் வில்லையில் ஒளி புகும் துவாரம். (வில்லையின் குவியத்தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வருவதே எஃப் எண்.) எஃப் 1.8இல் திறந்திருக்கும் 85 மி.மீ. வில்லையின் துவாரம் ஏறக்குறைய 47 மி.மீ. விட்டமுடையது. அதே எஃப் எண்ணில் 35 மி.மீ. வில்லைக்கு 19 மி.மீ.தான். அதே இடத்தில் நின்று அதே பரப்பை எடுக்கும்போது, தெளிவாகத் தெரியும் ஆழத்தைக் குறுக்குவது இந்த விட்டமே. ஆகவே 85இன் துண்டுகளைச் சேர்த்து 35இன் பார்வைப் பரப்பைப் பெற்றால், எஃப் 0.74 வரை திறக்கும் 35 மி.மீ. வில்லையால் எடுத்ததற்கு ஈடான படம் கிடைக்கிறது. முழுச்சட்டக் கமெராவுக்கு (36×24 மி.மீ. உணரி கொண்டது) அப்படியொரு வில்லையைக் கடையில் வாங்க முடியாது. முடிவில் வரும் படம் நெட்டையாகவும் இருக்கலாம், சதுரமாகவும் இருக்கலாம். அகலம் இதன் இலக்கணம் அன்று.

மங்கலும் அப்படித்தான். பின்னணி மங்குவது விளைவு. எடுப்பவர் கைக்கொள்வது தெளிவின் எல்லையை. ‘பொக்கே’ என்று ஒலிபெயர்த்துவிடலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். மங்கலைக் குறிக்கும் ஜப்பானியச் சொல் அது. 1997இல் அமெரிக்கப் புகைப்பட இதழொன்றின் வழியாக ஆங்கிலத்துக்குள் புகுந்தது. தமிழில் அந்த எழுத்துகளைப் பார்ப்பவர் மேடையில் கொடுக்கும் பூங்கொத்தைத்தான் நினைப்பார். ‘பிரெனைசர் முறை’ என்று ஆள்பெயரால் வழங்குவதில் எனக்கு மறுப்பில்லை. நியூயோர்க்கில் திருமணப் படங்கள் எடுக்கும் ரயன் பிரெனைசர்தான் இதைப் பரவலாக்கினார், அவர் பெயர் அடைப்புக்குறிக்குள் இருக்கட்டும். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டுக் கமெராவைத் தூக்கும் மாணவனுக்கு அது எதையும் சொல்லித் தராது.

இனி, துண்டுகளைச் சேர்ப்பதற்கான சொல். ‘தையற்படம்’ என்றால் துணியில் பூவேலை செய்த படம். ‘ஒட்டுப்படம்’ என்றால் பத்திரிகையை வெட்டி ஒட்டியது. நான் ‘மூட்டல்’ என்று சொல்கிறேன், அதுவும் கிழக்கிலங்கையின் நெசவூரான மருதமுனையை மனத்தில் வைத்துச் சொல்கிறேன். அங்கே தறியிலிருந்து வரும் சாறன் (கைலி) துணி இரு முனையும் திறந்தபடிதான் இருக்கும். தையற்காரர் முனை இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, கட்டத்தோடு கட்டம் நேராகப் பொருந்துகிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஊசியை இறக்குவார். பொருந்தி மூட்டிய சாறனில் மூட்டு எங்கே என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நம் படத்துக்கும் அதுதான் தேவை. அடுத்தடுத்த துண்டுகள் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றன்மேல் ஒன்று விழவேண்டும். ஒளியளவு, வெண்சமநிலை (நிறச்சாயலின் அளவு), குவியம் (எந்தத் தூரம் தெளிவாகத் தெரியும் என்பது) மூன்றும் முதல் துண்டிலிருந்து கடைசித் துண்டு வரை மாறாமல் கையாலேயே நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். அப்போதுதான் பொருத்திய இடம் தெரியாது.

யாழ்ப்பாணத்து வைத்தியர் அக்கா எழுப்பிய தடை நியாயமானது. ‘மூட்டுப்படம்’ என்றால் முழங்கால் எக்ஸ்ரே என்றுதான் நோயாளிகள் நினைப்பார்கள். அதனால்தான் ‘மூட்டு’ என்ற பெயரை விட்டுவிட்டு ‘மூட்டல்’ என்ற தொழிற்பெயரை எடுத்தேன். மூட்டல் + படம் = மூட்டற்படம். வலிக்கும் மூட்டு அதில் இல்லை.

முன்னொட்டுக்கு ‘மென்குவியம்’ நன்றாக ஒலிக்கிறது என்று பலரும் எழுதினீர்கள். ஒலி இனிமைதான். ஆனால் ‘மென்’ என்றால் மென்மை என்றே கொள்வார்கள், முகத்தைப் பனி படர்ந்ததுபோல் காட்டும் வேறொரு வில்லை வகை அந்தப் பொருளுக்கு ஏற்கெனவே உரிமை கொண்டாடுகிறது. ‘குறுந்தெளிவு’ என்றால் தெளிவு போதாது என்று பொருள்பட்டுவிடும். இங்கே கண்ணிமை மயிர்கூடக் கூர்மையாகத் தெரிகிறது, அந்தத் தெளிவுக்கு இருக்கும் இடம்தான் சிறிது. ஒடுங்கிய பாதை, ஒடுங்கிய ஒழுங்கை என்று நாம் நாளும் சொல்கிறோமே, அந்த ஒடுக்கம்தான் இது. எனவே ‘ஒடுங்குதெளிவு’.

இந்த முறையில் தம்மைத் தாமே எடுப்பதற்கும் சொல் வேண்டும் என்று இழையைத் தொடங்கியவர் கேட்டிருந்தார். அதற்குமுன் அந்த வேலை எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன், மட்டக்களப்பின் கல்லடியில் பழைய பாலத்தருகே வாவிக்கரையில் நான் இதைத்தான் செய்துவருகிறேன். கமெரா நிற்கும் முக்காலியிலிருந்து மூன்று மீற்றர் தள்ளி உட்காரும் பலகை ஒன்றைப் போட்டு, அதில் ஒரு கம்பை நட்டுவைத்து, அந்தக் கம்பில் குவியத்தை நிறுத்தித் தானியங்கிக் குவியத்தை அணைத்துவிட வேண்டும். கமெராவை நெட்டாகத் திருப்பினால் 85 மி.மீ. வில்லை அந்தத் தூரத்தில் ஏறக்குறைய 1.27 மீற்றர் உயரத்தைப் பிடிக்கும். உட்கார்ந்திருக்கும் ஆள் ஒரே துண்டுக்குள் அடங்கிவிடுவார். நின்றால் தலை ஒரு துண்டு, கால் ஒரு துண்டு என்றாகி, நடுவில் எழுந்துபோய்க் கமெராவைத் தாழ்த்திவிட்டு வந்து அதே கோணத்தில் மறுபடி நிற்கவேண்டும். அதனால் உட்காருங்கள். தொலைவிசையால் முதலில் உங்களை எடுத்துக்கொண்டு, பிறகு எழுந்துபோய்ச் சுற்றியுள்ள துண்டுகளை எடுங்கள். முழங்கை அடுத்த துண்டின் எல்லைக்குள் புகுந்திருந்தால் அங்கே பேய்க்கை ஒன்று தோன்றும். ஹியூகின் போன்ற இலவச மென்பொருளிலேயே அந்தப் பகுதியை மறைத்துவிடலாம்.

மறைக்க முடியாதது நிழல். மாலையில் வாவியை முதுகுக்குப் பின்னால் வைத்து உட்கார்ந்தால் நிழல் கமெராவை நோக்கி நீண்டு கீழ்த் துண்டுகளில் விழும். நீங்கள் எழுந்துபோனதும் நிழலும் போய்விடும். மூட்டிய படத்தில் இடுப்பளவோடு வெட்டுண்ட நிழல் கிடக்கும். மாரிகாலத்து மப்பு நாள்களே இந்த வேலைக்கு உகந்தவை. கச்சான் காற்று வீசும் நாள்களில் தென்னோலை ஒரு துண்டில் இடப்பக்கமும் அடுத்ததில் வலப்பக்கமும் சாய்ந்திருக்கும், ஆனால் அது பின்னணி மங்கலுக்குள் பெரும்பாலும் கரைந்துவிடும்.

இத்தனை ஆயத்தத்தோடு எடுப்பதைத் ‘தற்படம்’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சொல் கைநீட்டி எடுக்கும் கைப்பேசிப் படத்துக்கு ஊன்றிவிட்டது. ‘மூட்டல்’, ‘தன்படம்’ இரண்டையும் புணர்த்தினால் ‘மூட்டற்றன்படம்’ என்று வரும். இலக்கணம் சரிதான், ஆனால் ‘மூட்டு அற்ற’ என்று படித்துப் பொருளே தலைகீழாகிவிடும். ‘தன்னுருவ மூட்டற்படம்’ தெளிவாக இருக்கிறது.

சொற்கோவையில் சேர்க்க விளக்கவரியையும் தருகிறேன்:

ஒடுங்குதெளிவு மூட்டற்படம்: பெருந்துவாரம் கொண்ட நீள்குவிய வில்லையால், குவியத்தை மாற்றாமல் ஒரு காட்சியைப் பல துண்டுகளாக எடுத்து மூட்டி, தெளிவின் ஆழம் மிகக் குறைந்திருக்கும்படி பெறும் ஒளிப்படம்.

‘நீள்குவிய வில்லை’ தமிழ்நாட்டு வாசகர்களுக்கு உடனே விளங்குமா என்பதைக் கோயம்புத்தூர் ஐயாவும் சென்னை நண்பர்களும் சொல்ல வேண்டும். இங்கே பாடநூலில் ‘குவியத்தூரம்’ படித்தவர்களுக்குத் தடையிராது.

அன்புடன்,
கல்லடியிலிருந்து